“நீ வெச்சியாம்மா?”

இரவு பதினொன்றரை மணி. ஆம்பூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயரெல்லாம் வேண்டாம். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களில் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய வீடுதான் அது.

அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் வேலை. காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, ஓடிப் போய் ஏற வேண்டும். ஷூவின் மேல்பாகத்தை அங்கே ‘அப்பர்’ என்பார்கள். நாள் முழுக்க அந்த அப்பரைத் தைத்துத் தள்ள வேண்டும். மணிக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. சாயங்காலம் திரும்பினால் மறுபடியும் அடுப்படி, பாத்திரம், துணி. அப்பா துபாயில் டிரைவர். பையன் பிளஸ் ஒன். கூடத்தில் பாட்டி.

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பையனின் போர்வைக்குள் நீல வெளிச்சம்.

“டேய், போனை வெச்சுட்டுப் படுடா. மணி என்ன ஆச்சு பாரு.”

போர்வைக்குள்ளிருந்து பதில் வருகிறது. “நீ வெச்சியாம்மா?”

அம்மாவின் கையிலும் போன். கூடத்தில் பாட்டியும் தூங்கவில்லை. சின்னச் சத்தத்தில் யூடியூபில் யாரோ மூட்டுவலிக்குக் கை வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறார். துபாயில் மணி பத்து. படுக்கையில் கிடந்தபடி அப்பா ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான்கு பேர், நான்கு திரை. இதில் போன் பழக்கம் என்ற பிரச்னை யாருக்கு இருக்கிறது என்று கேட்டால், நான்கு பேரும் பையனைத்தான் கை காட்டுவார்கள்.

அம்மாவின் ஒரு மணி நேரம்

முதலில் அம்மாவைப் பார்ப்போம். அவருக்கு நாளை விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும். கண் எரிகிறது. ஆனாலும் போனைக் கீழே வைக்க மனசில்லை. பகல் முழுக்க சூப்பர்வைசருக்கும் மெஷினுக்கும் சொந்தமாக இருந்தவர் அவர். மாலை முழுக்க வீட்டுக்குச் சொந்தம். அவருக்கே அவருக்கு என்று கிடைப்பது பத்தரைக்கு மேல் உள்ள இந்த நேரம் மட்டும்தான்.

இது ஆம்பூர் அம்மாவுக்கு மட்டும் வந்த பழக்கம் அல்ல. சீனாவில் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். தமிழில் சொன்னால், ‘பழிவாங்கும் கண்விழிப்பு’. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை, வாரத்தில் 6 நாள் வேலை என்பதை அங்கே ‘996’ என்று சொல்வார்கள். அப்படி உழைப்பவர்கள், பகலில் பறிகொடுத்த நேரத்துக்கு ராத்திரியிடம் வஞ்சம் தீர்த்துக்கொள்கிறார்கள். தூக்கம் போனாலும் பரவாயில்லை, எனக்கென்று கொஞ்ச நேரம் வேண்டும் என்ற பிடிவாதம் அது. 2020-ல் கொரோனா காலத்தில் அந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது. பல நாட்டுக்காரர்களுக்கு, ‘அட, இது நம் கதையாச்சே’ என்று தோன்றியதுதான் காரணம்.

ஆனால் வஞ்சம் தீர்வது நம் உடம்பின் மீதுதான். தூக்கம் குறைந்தால் மறுநாள் எரிச்சல் வரும், கவனம் சிதறும், சின்ன விஷயத்துக்கும் அழுகை முட்டும். இது பல நாள் தொடர்ந்தால் பதற்றமும் மனச்சோர்வும் வர வாய்ப்பு கூடும். ஊசி ஓடுகிற மெஷினுக்கு முன்னால் உட்காருபவருக்கு இது விரலைப் பற்றிய கவலையும்கூட.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘மனக்கட்டுப்பாடு இல்லை’ என்று அம்மாவையோ பையனையோ திட்டிப் பிரயோஜனமில்லை. வாரப் பத்திரிகையில் கடைசிப் பக்கம் வந்தால் கை தானாக நிற்கும். போனில் கடைசிப் பக்கம் என்பதே கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அந்த ஏற்பாட்டை 2006-ல் உருவாக்கியவர் ஆசா ரஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். பிற்காலத்தில் அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். நிறுத்தும் இடமே தெரியாதபடி செய்யப்பட்ட ஒரு பொருளோடு, நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு மல்லுக்கட்டுகிறார். அது சமமான போட்டி இல்லை.

பிள்ளைகள் நோயா இது?

போன் என்றாலே, ‘இந்தக் காலத்துப் பசங்க’ என்று ஆரம்பிப்பது நமக்கு வசதியாக இருக்கிறது. வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு 2018 நினைவிருக்கும்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. ஆடியோ வந்தது. பார்க்கவே பயமாக இருந்த வீடியோக்கள் வந்தன. ‘உங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா குரூப்புக்கும் அனுப்புங்கள்’ என்றது அந்தச் செய்தி. அதை நம்பி அனுப்பியவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருந்தார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. பாசத்தில்தான் அனுப்பினார்கள்.

அந்த மாதக் கடைசியில், குடியாத்தம் பக்கத்தில் இந்தி பேசிய ஒருவரை ஊர்க் கூட்டம் அடித்தே கொன்றது. அவர் யார், எந்த ஊர் என்றுகூட அப்போது யாருக்கும் தெரியவில்லை. மே 9-ம் தேதி, பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூரில் இன்னொரு கொடுமை. குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த சென்னைக் குடும்பம். வழியில் நின்றபோது 65 வயது அம்மா ஒருவர், அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். அவரை அடித்துக் கொன்றுவிட்டார்கள். கூட வந்தவர்களுக்கும் பலத்த காயம்.

அந்த வருடம் இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்டது. குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, நடிகர்களை வைத்து எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, நிஜக் கடத்தல் என்று பரப்பினார்கள். கராச்சியில் ஒரு தாயின் பயத்தைப் போக்க எடுத்த படம், எல்லை தாண்டி வந்து நம் தாய்மார்களின் பயத்தைக் கிளப்பியது.

அதே ஆண்டு ஜூலையில், ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் அதை உலகம் முழுமைக்கும் விரிவாக்கியது.

பயமும் ஒரு மனநிலைதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதே பயத்தைப் பார்த்தால் அது மனதில் உண்மையாகவே உட்கார்ந்துவிடும். அளவுக்கு மீறிய போன் பழக்கம் என்பது பதினாறு வயதுப் பிள்ளையின் ரீல்ஸ் மட்டுமல்ல. பெரியவர்களின் ஃபேமிலி குரூப்பும் அதில் சேர்த்திதான்.

எத்தனை மணி நேரம் என்றால் அதிகம்?

2023 மே மாதம், அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். சமூக வலைதளத்தில் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் செலவிடும் வளரிளம் பருவத்தினருக்கு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் வரும் ஆபத்து இரு மடங்கு என்றது அது. உலகப் பத்திரிகைகளெல்லாம் அதைப் பேசின.

அந்த 3 மணி நேரத்தை அப்படியே ஆம்பூருக்குக் கொண்டுவந்தால் ஒரு சிக்கல். துபாயில் வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது. அதனால் அப்பாவின் போனில் ‘போட்டிம்’ மாதிரி அங்கே அனுமதி உள்ள ஓர் ஆப் இருக்கும். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அந்த வீடியோ காலை சொம்பு மேல் சாய்த்து வைத்துவிட்டு, குடும்பமே அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும். பையன் ரேங்க் கார்டைக் கேமராவுக்கு முன்னால் காட்டுவான். இந்த ஒரு மணி நேரத்தையும் ‘ஸ்க்ரீன் டைம்’ என்று கெட்ட கணக்கில் எழுத முடியுமா? அதுதான் அந்தப் பிள்ளைக்கு அப்பா இருக்கும் நேரம்.

அதனால் மருத்துவர்கள் மணிக்கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘கேமிங் கோளாறு’ என்பது சேர்ந்திருக்கிறது. 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சமூக வலைதள அடிமைத்தனம் என்ற தனி நோய் அதில் கிடையாது. எனவே யாரையும் ‘அடிக்ட்’ என்று முத்திரை குத்த அவசரப்பட வேண்டாம். கேமிங் கோளாறுக்கு மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது மூன்று விஷயங்களை. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியவில்லையா? படிப்பு, வேலை, சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளிவிட்டதா? கெடுதல் வருகிறது என்று தெரிந்த பிறகும் தொடர்கிறதா? பொதுவாக ஒரு வருடம் வரை இது நீடித்தால்தான் நோய் என்கிறார்கள். நம் வீட்டு ரீல்ஸ் பழக்கத்தை எடைபோடவும் இந்த மூன்று கேள்விகள் உதவும். அம்மா, பாட்டி, அப்பா என்று எல்லோரும் ஒரு முறை தங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

பூட்டுப் போட்ட நாடுகள்

பல நாடுகள் முதலில் கையில் எடுத்தது பூட்டைத்தான்.

தென்கொரியா 2011-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் விளையாடக் கூடாது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பிறகு எல்லோரும் கம்ப்யூட்டரை விட்டு போனில் விளையாட ஆரம்பித்தார்கள். சட்டம் போன் கேம்களைத் தொடவில்லை. பத்து வருடம் கழித்து அதை ரத்து செய்வதாக 2021-ல் அரசு அறிவித்தது.

சீனா 2021-ல் இன்னும் இறுக்கியது. சிறார்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும்தான் ஆன்லைன் கேம். ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் சமூக வலைதளங்களில் கணக்கு வைத்துக்கொள்ளத் தடை. 2025 டிசம்பர் 10 முதல் அது அமலில் இருக்கிறது. அங்கே தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனங்களுக்குத்தான். இது நல்ல மாற்றம்.

நம் நாட்டில் 2020 ஜூன் 29-ல் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதற்குக் காரணம் வேறு, மனநலம் இல்லை. ஆனால் நடந்ததைப் பாருங்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது. டிக்டாக்கில் இருந்த கட்டைவிரல் ரீல்ஸுக்குப் போனது. ராத்திரி பதினொன்றரை மணி அப்படியேதான் இருந்தது.

சட்டம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வேலி தேவைதான். ஆனால் வேலி, பிள்ளையை மட்டும் சுற்றிப் போடப்படுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் பெரியவர்கள் வெளியே இருக்கிறார்கள். “நீ வெச்சியாம்மா?” என்ற கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை.

பாகாயம் சொல்லித் தந்தது

அதற்கான பதில், ஆம்பூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் பல வருடமாக இருக்கிறது.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சுற்றியுள்ள லாட்ஜுகளிலும் மெஸ்களிலும் வங்காள எழுத்தில் போர்டு தொங்கும். கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளியோடு குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கும். நோயாளி ஒருவர் என்றால், துணைக்கு இரண்டு மூன்று பேர்.

சி.எம்.சி.யின் மனநல மையம் ஊருக்கு வெளியே பாகாயத்தில் இருக்கிறது. டாக்டர் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் 1957-ல் அதைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் மனநோய் என்றால் உலகம் முழுக்க ஒரே வழிதான். உயர்ந்த மதிலுக்குள் நோயாளியை அடைத்துவிட்டு, குடும்பத்தை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். பாகாயத்தில் தலைகீழாகச் செய்தார்கள். நோயாளி தங்க வேண்டுமானால், வீட்டு ஆள் ஒருவரும் கூடத் தங்க வேண்டும். ஏறக்குறைய அதே காலகட்டத்தில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்க வைத்தார்.

இதனால் என்ன நன்மை? பக்கத்தில் இருந்து பார்க்கும்போது, நோய் என்றால் என்ன என்று குடும்பத்துக்குப் புரிகிறது. ‘வேணும்னே பண்றான்’ என்ற கோபம் குறைகிறது. தாங்கள் எங்கே கத்துகிறோம், எங்கே விட்டுக்கொடுக்கிறோம் என்று அவர்களுக்கே தெரிகிறது. வீட்டுக்குத் திரும்பும்போது நோயாளி மட்டும் மாறிப் போவதில்லை, கூட வந்தவரும் மாறித்தான் போகிறார். வேலூரும் அமிர்தசரஸும் காட்டிய இந்த வழியை, இந்தியா உலகத்துக்குச் சொல்லித் தந்த பாடமாகவே மனநல மருத்துவர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

ஆம்பூர் வழியாகப் போகும் ரயிலில் ஏறினால் பெங்களூரு. அங்கே நிமான்ஸ் மருத்துவமனையில், போன், இன்டர்நெட் பழக்கத்தால் தவிப்பவர்களுக்கென்றே 2014 முதல் தனி கிளினிக் நடக்கிறது. ‘பையன் கெட்டுப் போயிட்டான்’ என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து வரும் பெற்றோர், தங்கள் பழக்கத்தையும் பேச வேண்டிய இடம் அது.

ஏழு மணி சைரன்

ஒரு வீடு செய்ததை ஒரு ஊரே செய்தால்? மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் கைக்குப் போன போன், பள்ளி திறந்த பிறகும் திரும்பி வரவில்லை. 2022-ல் ஊர் கூடி முடிவெடுத்தது. தினமும் சாயங்காலம் 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். உடனே எல்லா வீட்டிலும் டி.வி.யும் போனும் அணைக்கப்படும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். எட்டரைக்கு மறுபடி சைரன்.

பிள்ளைகளுக்கு மட்டும் என்று அந்தச் சைரன் ஒலிக்கவில்லை. அதனால்தான் யாரும் யாரையும் பார்த்து, ‘நீ வெச்சியா?’ என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

தோல் தொழில் ஊர்களில் சைரன் ஒன்றும் புதிதல்ல. வீட்டுக்கு ஒரு சைரன் வைத்துக்கொள்ள முடியாவிட்டாலும், சிலவற்றைச் செய்யலாம்.

போன்களுக்கு ஒரே படுக்கை: சாமி ஷெல்ஃப் பக்கமோ, ஃபிரிட்ஜ் மேலோ, ஓரிடத்தில் எல்லா போன்களையும் சார்ஜில் போடுங்கள். நேரத்தைக் குடும்பமாக முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் முதலில் வைக்க வேண்டியது அம்மா, அப்பாவின் போன். காலையில் எழ அலாரம் வேண்டுமே என்றால், கடையில் ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கிவிடலாம்.

அம்மாவுக்கு ஒரு மணி நேரம்: இது முக்கியம். ராத்திரி பதினொரு மணிக்கு அவர் தேடுவது ரீல்ஸை அல்ல, தனக்கான நேரத்தை. பாத்திரத்தைப் பையன் தேய்த்து, துணியை மகள் மடித்து வைத்தால், அந்த நேரம் எட்டரை மணிக்கே கிடைத்துவிடும். அம்மாவின் தூக்கத்தைத் திருப்பித் தருவது அறிவுரை அல்ல, வீட்டு வேலையில் பங்கு.

துபாய் கால் இந்தக் கணக்கில் வராது: அப்பாவோடு பேசும் நேரத்தைக் குறைக்க வேண்டாம். அந்த நேரத்தில் மற்ற போன்கள் தூரப் போகட்டும், அங்கே அப்பாவின் இன்னொரு கை உட்பட.

பயத்தை ஃபார்வர்ட் செய்யாதீர்கள்: ஒரு வீடியோ நெஞ்சைப் பதற வைத்தால், அதுதான் நிறுத்த வேண்டிய இடம். மறுநாள் காலை வரை வைத்திருங்கள். தேவைப்பட்டால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் கேளுங்கள்.

பறிக்காதீர்கள், பேசுங்கள்: திடீரென்று போனைப் பிடுங்குவதும் உடைப்பதும் ஆபத்தில் முடியலாம். பிள்ளை சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், நண்பர்களை ஒதுக்கி, ‘வாழப் பிடிக்கலை’ என்ற மாதிரி பேசினால் அது போன் பிரச்னை மட்டும் இல்லை. மனச்சோர்வு முதலில் வந்து, அதிலிருந்து ஒளிந்துகொள்ள அவர் போனுக்குள் போயிருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அழைப்பது பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மாவும் தனக்காகக் கூப்பிடலாம்.

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம். மணி பன்னிரண்டை நெருங்குகிறது. “நீ வெச்சியாம்மா?” என்று பையன் கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்திருக்கும். எதிர்த்துப் பேசுகிறான் என்று தோன்றியிருக்கும். ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு அவர் சொல்லக்கூடிய நல்ல பதில் ஒன்று இருக்கிறது.

“இல்லடா. வா, ரெண்டு பேரும் சேர்ந்து வைக்கலாம்.”